கொண்டல்ராயர் விரலும் பித்தளை நண்டும்

வெகுகாலம் முன்பு குருவிமலை நாட்டைத் தென்னவராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் முன்னால் ஓடும், யோசனை பின்னால் நடந்து வரும்.

தேர்த் திருவிழாவில் வடம் தொட்டுக் கொடுக்கும்போது போட்டுக்கொள்ள, ஒரு கெம்பு மோதிரம் வேண்டும் என்றார். செய்ய வந்தவர் ஆவுடையப்ப ஆசாரி. அவரிடம் பித்தளையில் ஒரு சின்னக் கருவி உண்டு. நண்டுக்கு இருப்பதுபோல வளைந்த இரண்டு கால். காலுக்கு நடுவே எதை வைத்தாலும், தலையில் இருக்கும் முள் நகர்ந்து கோட்டில் நிற்கும். கடுகானாலும் தலைமுடியானாலும் எவ்வளவு பருமன் என்று சொல்லிவிடும். ஊரில் அதற்குப் பெயரே நண்டுதான். நல்ல நேரம் பார்த்து, விடியலில் ராஜா ஆற்றில் குளித்துவிட்டு வந்த கையோடு, ஆசாரி நண்டை வைத்து விரலை அளந்துகொண்டு போனார்.

மோதிரம் வந்த அன்று அரண்மனையில் பெரிய விருந்து. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ராஜா போட்டுப் பார்த்தார். மோதிரம் விரல் கணுவோடு நின்றுவிட்டது.

பொக்கிஷ அதிகாரி கொண்டல்ராயருக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்தவர் அவர். "மகாராஜா, நண்டு பொய் சொல்கிறது. ஆசாரி அதைவிடப் பெரிய பொய் சொல்கிறார்."

"நாளை மாலைக்குள் ஆசாரி நாட்டைவிட்டுப் போகட்டும். நண்டை உருக்கிச் சுண்ணாம்புக் கரண்டி செய்துவிடுங்கள்," என்றார் ராஜா.

ஆசாரிக்குக் காரணம் தெரியும். உப்பும் புளியுமாய்ச் சாப்பிட்டு, வெயிலும் ஏறினால் யார் விரலும் கொஞ்சம் பருக்கும். ஆனால் 'நீங்கள் சாப்பிட்டது அதிகம்' என்று ராஜாவிடம் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? நண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, 'முருகா, நீதான் கதி' என்று நின்றார்.

மந்திரி குழைக்காதர் எழுந்தார். "மகாராஜா, உருக்குவதற்கு முன்னால் நண்டை ஒரு தடவை சோதித்துவிடலாம். அதற்கு என்றைக்கும் மாறாத விரல் ஒன்று வேண்டும்."

"என் விரல் இருக்கிறதே," என்றார் கொண்டல்ராயர். "அதுவும் என் விசுவாசம் மாதிரி. முப்பது வருஷமாய் மயிரிழைகூட மாறியதில்லை."

"அப்படியானால் தேட வேண்டியதே இல்லை, ராயரே."

மறுநாள் விடியலில் கொண்டல்ராயர் குளித்துவிட்டு வந்ததும் ஆசாரி அளந்தார். முள் பதினான்காம் கோட்டில் நின்றது. அந்த அளவுக்கே ஒரு பித்தளை மோதிரம் அடித்துக் கொடுத்தார். ராயர் ராஜா முன்னால் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் அவருக்கென்றே இலை போடச் சொன்னார் மந்திரி. புளியோதரை, வடுமாங்காய், மோர்மிளகாய், அப்பளம்.

"இன்னும் ஒரு அப்பளம், ராயரே."

"போதும் ஐயா."

"மைத்துனர் பேரைச் சொல்லி ஒன்று." அதுவும் உள்ளே போனது.

வெயில் நன்றாக உறைத்ததும், சபையில் ராஜா முன்னால் மந்திரி சொன்னார். "இப்போது மோதிரத்தைக் கழற்றுங்கள்."

இழுத்தார். திருகினார். நல்லெண்ணெய் தடவினார். பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். மோதிரம் அசையவில்லை.

"விசுவாசம் கொஞ்சம் வீங்கியிருக்கிறதோ?" என்றார் மந்திரி.

சபை சிரித்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், மெதுவாகத் தன் கையைப் பார்த்தார்.

"குழைக்காதரே, நேற்று விருந்தில் நான் எத்தனை அப்பளம் சாப்பிட்டேன்?"

"அதை அளக்கிற நண்டை ஆசாரி இன்னும் செய்யவில்லை, மகாராஜா."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ஆசாரி எங்கேயும் போக வேண்டாம். இனி அரண்மனை நகை எல்லாம் அவர் கையால்தான். ராயரே, நூறு பொன் எடுத்து அவருக்குக் கொடும். அந்த மோதிரக் கையாலேயே கொடும்," என்றார்.

கொண்டல்ராயர் அன்று ராத்திரி பட்டினி கிடந்தார். காலையில் மோதிரம் தானாகக் கழன்றது.

அந்த வருஷத்திலிருந்து, தேருக்கு முந்தின நாள் ராஜா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்தார். மறுநாள் கெம்பு மோதிரம் வழுக்கிக்கொண்டு விரலில் ஏறும். எவ்வளவு பக்தி பாருங்கள் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும், சாமிக்குத் தெரியாதா என்ன.