ஒற்றை அலகை நம்பிய மைனா

குழந்தைகளே, மலையடிவாரத்துக் காடு ஒன்றில் மிடுக்கன் என்று ஒரு மைனா இருந்தது. வீடு விற்பது அதன் தொழில்.

அந்தக் காட்டுக் கிளிகளும் ஆந்தைகளும் மைனாக்களும் மரப்பொந்தில்தான் முட்டையிடும்; அதுவும் பருவத்துக்கு ஒரு புதுப் பொந்தில். ஆனால் பொந்து குடைய அவற்றுக்குத் தெரியாது. மிடுக்கனுக்கும் தெரியாது. வேறு பறவைகள் குடைந்து தந்த பொந்தில் நாலு காய்ந்த இலையைப் பரப்பும். வாசலில் பாம்புச் சட்டை ஒன்றைத் தொங்கவிடும். "மிடுக்கன் மாளிகை" என்று பெயர் சூட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கே பழமும் புழுவும் வந்து குவிந்தன.

"இந்தக் காட்டையே குடிவைத்தது நான்தான்" என்று உச்சிக்கிளையில் நின்று அது சொல்லும். பொந்தைக் குடைந்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.

குடைந்தது யார் தெரியுமா? குக்குறுவான் என்ற சிறு பறவைகளின் இணை ஒன்றும், உளிமூக்கன் என்ற பெரிய மரங்கொத்தியும்.

குக்குறுவான்கள் முருங்கைபோல மெத்தென்ற மரங்களில் குடைந்தன. வாசல் சற்றே கோணலாக இருக்கும். ஆனாலும் அந்த வீடுகளில் குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. உளிமூக்கனோ ஆற்றின் அக்கரையிலிருந்து வந்து வேங்கை மரத்திலேயே குடையும். அதன் வட்டம் பிசகாது. சாரல் உள்ளே வராது. உடும்பின் தலை நுழையாது. அப்படிக் குடைய அதன் அலகைவிட்டால் அந்த வட்டாரத்தில் வேறு அலகு இல்லை. இது எல்லோரையும்விட உளிமூக்கனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் அது மிடுக்கனிடம் கேட்டது. "என் பொந்தையும் அந்தக் குக்குறுவான்களின் பொந்தையும் ஒரே பெயரில் விற்கிறாயாமே?"

"ஆமாம் ஐயா. ஏதாவது தவறா?"

"எனக்கு அது கௌரவக் குறைவு. இனி அவர்களை வைத்துக்கொள், இல்லையென்றால் என்னை வைத்துக்கொள்."

மிடுக்கன் யோசிக்கவே இல்லை. யோசிப்பது தன்னைப் போன்ற பெரிய பறவைக்கு அழகில்லை என்று அது எண்ணியிருக்க வேண்டும். நேராகக் குக்குறுவான்களிடம் பறந்தது.

"நாளை முதல் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம். கோணல் வாசலைக் காட்டி மாளிகை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றது.

"கோணல்தான், ஒப்புக்கொள்கிறோம்" என்றது ஆண் குக்குறுவான். "ஆனால் எந்தக் குஞ்சாவது நனைந்ததா?"

"நனையாவிட்டால் போதுமா? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?"

பெண் குக்குறுவான் கேட்டது. "நல்லது. ஒரு பருவம் அந்த மரங்கொத்தி வராமல் போனால் என்ன செய்வீர்கள்?"

மிடுக்கன் சிரித்தது. "அது ஏன் வராமல் போகும்? என்னைவிட்டால் அதற்கு வேலை கொடுக்க யார் இருக்கிறார்கள்?"

குக்குறுவான்கள் தெற்கு மலைப் பக்கம் பறந்து போய்விட்டன.

அந்தப் பருவம் நன்றாகத்தான் போயிற்று. "இனி எல்லாமே வேங்கை மர மாளிகை" என்று மிடுக்கன் காடெல்லாம் கூவியது. அடுத்த பருவத்துக்கான வீடுகளையும் அப்போதே விற்றுத் தீர்த்தது. பழத்தை முன்கூட்டியே வாங்கித் தின்றுவிட்டது. அப்படிப் பழம் கொடுக்க முதலில் வந்து நின்றது செங்கழுத்தி என்ற கிளி.

மறு பருவம் வந்தது. மேகம் கறுத்தது. உளிமூக்கனைக் காணோம்.

மிடுக்கன் ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்தது. அங்கே உளிமூக்கன் ஒரு வேங்கையில் மும்முரமாகக் குடைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கிளைக்குக் கிளை முறைத்த கண்களோடு பெரிய பெரிய ஆந்தைகள். மலைக்கு அப்பாலிருந்து கூட்டமாக வந்தவை.

"ஐயா, என் வீடுகள்?" என்றது மிடுக்கன்.

"இந்த ஆந்தைகளுக்கு முடித்த பிறகு."

"எப்போது முடியும்?"

"அவை போதும் என்று சொல்லும்போது."

"இது நியாயமா ஐயா? உங்களுக்காக நான் குக்குறுவான்களைக்கூட அனுப்பிவிட்டேனே. உங்களை மட்டுமே நம்பி இருக்கிறேனே."

உளிமூக்கன் கொத்துவதை நிறுத்திவிட்டு அதைத் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"அதனால்தான் உன்னைக் கடைசியில் வைத்திருக்கிறேன்" என்றது. "ஆந்தைகளைக் காக்கவைத்தால் வேறிடம் தேடிப் போய்விடும். நீ எங்கே போகப் போகிறாய்?"

மறுபடியும் டக், டக் என்று கொத்தத் தொடங்கியது.

குழந்தைகளே, இப்போதாவது அந்த மைனா ஊருக்குத் திரும்பி உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கிளிகளாவது வேறு வழி பார்த்திருக்கும். ஆனால் மிடுக்கனுக்கு உண்மையைச் சொல்லிப் பழக்கம் இல்லை. திரும்பும் வழியிலேயே ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டது.

"இந்த ஆண்டு புதுமை செய்யப் போகிறேன்" என்று உச்சிக்கிளையில் நின்று அறிவித்தது. "பொந்து பழைய மோஸ்தர். இனி காற்றோட்ட மாளிகை. கூரை கிடையாது. வாசலும் கிடையாது. நாலு பக்கமும் வெளிச்சம்."

சொன்னதோடு நிற்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் தன் சொந்த அலகால் மரங்களைக் கொத்தியும் பார்த்தது. வேங்கையில் ஒரு கீறல் விழுந்தது. இலவ மரத்துக் கிளைகளில் ஓர் ஆலம்பழம் உட்காரும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்தன. அலகின் நுனியும் சற்று உடைந்தது.

செங்கழுத்தி வந்து அந்தப் பள்ளங்களில் ஒன்றை எட்டிப் பார்த்தது. அதன் வயிறு கனத்திருந்தது. இன்றோ நாளையோ முட்டையிட்டாக வேண்டும்.

"அண்ணா, வீடு எங்கே?"

"இதுதான் அம்மா. காற்றோட்ட மாளிகை."

"இதில் என் காலையே வைக்க முடியவில்லை. முட்டையை எங்கே வைப்பேன்?"

"பழகினால் சரியாகிவிடும்."

கிளி மிடுக்கனை ஏற இறங்கப் பார்த்தது. "பேச்சைக் குறைத்துக்கொண்டு முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் ஓர் இடம் பார்த்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தெற்கே பறந்தது.

அன்று மாலை மழை கொட்டியது. மிடுக்கன் கீறிவைத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. மழை சற்று விட்டபோது தேன்சிட்டுகள் வந்து அவற்றில் குளித்துவிட்டுப் போயின. காற்றோட்ட மாளிகைகளில் குடிபுகுந்தவை அவை மட்டுமே.

மிடுக்கனின் மனைவி ஒரு கிளைக் கவட்டில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் வீடு விற்ற அவசரத்தில், தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள மிடுக்கனுக்கு நினைவு வரவில்லை.

"எனக்கும் முட்டையிடும் நேரம் வந்துவிட்டது. எங்கே இடட்டும்?" என்று அது கேட்டது.

மிடுக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இதோ பார், இந்த ஆண்டு நாம்…"

"உங்கள் பேச்சுக்குள் முட்டையிட முடியாது" என்றது மனைவி. "தெற்கு மலையில் குக்குறுவான்கள் இரவல் பொந்து தருகின்றனவாம். இப்போது வாசலைக்கூட நேராகவே வைக்கின்றனவாம். நான் போகிறேன். வருவதென்றால் வாருங்கள்."

"அந்தக் கோணல் வேலைக்காரர்களிடம் நான் போய் நிற்பதா? காடு என்ன சொல்லும்?"

மனைவி இறகைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறிவிட்டுப் பறந்தது.

மிடுக்கன் தெற்கே போகவில்லை. மறுபடி தொடங்கிய மழையில் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனது. உளிமூக்கனின் பொந்துக்கு எதிர்க்கிளையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா" என்று கூப்பிட்டது.

உலர்ந்த பொந்திலிருந்து உளிமூக்கன் தலையை மட்டும் நீட்டியது. "ஆந்தைகள் இன்னும் போதும் என்று சொல்லவில்லை."

"நல்லது ஐயா. அவசரமே இல்லை. நான் இங்கேயே காத்திருக்கிறேன்" என்றது மிடுக்கன்.

அது பேசி முடிப்பதற்குள் உளிமூக்கன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நீதி: ஒருவனை மட்டுமே நம்பித் தொழில் செய்பவன், அவன் நிறுத்திய இடத்தில்தான் நிற்க வேண்டும்.