கோட்டு போட்ட மாப்பிள்ளை

மதுரையில் வரன் தேடித் தரும் இணையதளம் ஒன்று இருந்தது. வரன்களின் விவரமெல்லாம் இருக்கும் அதன் தரவுத்தளத்துக்குத் தலைவர் தணிகாசலம். அவர் அனுமதியில்லாமல் யாரும் அதைத் தொட முடியாது.

புதிய பக்கங்களைச் சோதிக்க வேண்டியவள், வேலைக்கு வந்து மூன்றே மாதமான செண்பகவல்லி. அன்று மாலைக்குள் முடித்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

"சார், சோதனைக்குத் தனியா ஒரு தரவுத்தளம் வேணும். போலிப் பெயர்கள் போதும்."

"தனியாவா? பதினேழு வருஷமா நான் கட்டிக் காக்கிறதும்மா இது. நீ தட்டினா உடைஞ்சிடுமா? உண்மையானதிலேயே பாரு!" என்று கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

அவள் அவர் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள்.

"முதல்ல 'விவரத்தை நீக்கு' பொத்தான் சார். யாரோ பெத்த பிள்ளையை அழிக்கப் பயமா இருக்கு. அதான், தெரிஞ்ச பையனா எடுத்திருக்கேன்."

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். திரையில் அவருடைய மகன் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, கையை எடும்மா! நாலு வருஷத்துல இப்பத்தான் ஒரு இடம் வந்திருக்கு!"

"உடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பத்து நிமிடத்தில் தனித் தரவுத்தளம் தயாரானது. மாலையில், அவள் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்திட்டபடியே அவர் கேட்டார்: "சோதனை எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சு சார். போலி மாப்பிள்ளைக்கு முந்நூறு பெண் வீட்டார் விருப்பம் அனுப்புற மாதிரி வச்சுப் பார்த்தேன்."

"முந்நூறா! அவனுக்கு என்ன போட்டோ வச்சே?"

"போட்டோவே வைக்கலை சார்."

தணிகாசலம் பேனாவை மூடினார். "ஏம்மா, அந்தக் கோட்டுப் படத்தை எடுத்துடலாமா?"