கலந்த தேதி

மலேசியாவின் கிள்ளானில் யோகேஸ்வரி என்றொரு கலவைக்காரி இருந்தாள். சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் வேப் கருவிக்கு ஊற்றுகிற ஜூஸைக் கலப்பது அவள் தொழில். வயது முப்பத்தாறு. பிஸ்கட் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பத்து வருடம் வாசனை பார்த்துப் பழகிய மூக்கு. அவள் கலந்ததில் குறை கண்டவர்கள் குறைவு.

அவளிடம் வேலை கற்க வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்து சிகரெட்டை அவள் ஜூஸைப் பிடித்துக்கொண்டுதான் விட்டார். விட்ட கையோடு, இதை எனக்குக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கடை வாசலில் வந்து நின்றார். அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

முதல் மாதம் கஸ்டர்டு வாசனை ஜூஸ் கலக்கச் சொன்னாள். கலந்த அன்றைக்கு அது தரை கழுவும் திரவம் போல நாறியது. கொட்டிவிடட்டுமா என்று கேட்டார். அவள் புட்டியில் தேதி எழுதி, நன்றாகக் குலுக்கி, இருட்டான அலமாரியில் ஊற வைத்துப் பூட்டினாள்.

நான்கு வாரம் கழித்து எடுத்தபோது அது தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஓர் இழுப்பு இழுத்தவர் உடனே இன்னோர் இழுப்பு இழுத்தார். பால் எது, முட்டை எது என்று பிரிக்க முடியாத இனிப்பு.

"நான் ஒண்ணுமே செய்யலையே மாஸ்டர்."

"நீங்க சரியா அளந்தீங்கண்ணே. மத்ததை அது பார்த்துக்கிச்சு."

சவரிமுத்துவின் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து எதற்கும் அவர் சொல்லும் சொல் 'ஊறட்டும்' என்றாகிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி பிலோமினா சொன்னபோதுகூட அதைத்தான் சொன்னார். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

ஒருநாள் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருக்கையில், பழைய லோரிக்காரர்கள் கூடும் கடைப்பக்கம் ஏன் போவதே இல்லை என்று யோகேஸ்வரி கேட்டாள். அவர் மறைக்காமல் சொன்னார்.

குணாளனும் அவரும் இருபத்தேழு வருடம் ஒரே தட்டில் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்றவர்கள். இரண்டு வருடத்துக்கு முன், குணாளன் நிறுத்திவிட்டுப் போன லோரி தானாக உருண்டு கம்பெனி வேலியை இடித்தது. யாருக்கும் காயமில்லை. விசாரணையில் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். கைப்பிரேக் போடாமல் குணாளன் இறங்கியதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். அவர் பார்க்கவில்லை. மேலாளர் கேட்ட தோரணையில் பயம் வந்தது, வாய் முந்திக்கொண்டது. குணாளனுக்கு வேலை போயிற்று.

அதற்குப் பிறகு போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"அவன் கோபம் தணியட்டும் மாஸ்டர். நாள் போகப் போக எல்லாம் இதமாயிடும். நீங்க கத்துக்கொடுத்ததுதானே?"

யோகேஸ்வரி அடுத்த புட்டியை எடுத்துத் துடைத்தாள்.

அந்த வாரம் அவர் சொந்தமாக ஒன்று கலந்தார். பலகாரத்துக்கு மணமூட்டும் பாண்டான் இலை, தேங்காய்ப்பால், அதற்கு மேல் மூன்றே சொட்டு கிராம்பு. மூன்றாவது சொட்டில் கை தவறி, கிராம்பு முப்பது சொட்டுக்குக் குறையாமல் ஓடிவிட்டது. அவருக்குத் தெரிந்தது. மோந்து பார்த்த அவளுக்கும் தெரிந்தது. என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்றாள்.

"ஊறட்டும்."

அவள் மறுப்பு சொல்லாமல் தேதி எழுதப் பேனாவை நீட்டினாள்.

நான்காவது வாரம் இழுத்துப் பார்த்தபோது தொண்டை எரிந்தது. பத்தாவது வாரம் பாண்டான் வாசனை போன இடம் தெரியவில்லை. தேங்காய்ப்பாலும் இல்லை. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பார்களே, அந்தக் கிராம்பு எண்ணெய் மட்டும் இருந்தது.

இன்னும் எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டார்.

அவள் பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றை எடுத்து, வாசனை எதுவும் சேராத கிளிசரினை அதில் ஊற்றினாள். அவர் கலந்ததை அதில் கவிழ்த்தாள். கிராம்பின் அளவுக்கு ஈடாகப் பாண்டானையும் தேங்காய்ப்பாலையும் தராசில் வைத்துச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பச்சை வாசனைதான், ஆனால் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. ஒரு புட்டிக்குப் பதில் பத்துப் புட்டி நிறைந்தது.

சவரிமுத்துவுக்குத் தெம்பு வந்துவிட்டது. பத்து வாரம் ஏற்கெனவே ஊறியாயிற்றே, பழைய தேதியையே போட்டுவிடலாமா என்றார்.

"இல்லண்ணே. இன்னைக்குத் தேதி."

முதல் புட்டியில் எழுதத் தொடங்கியவரின் பேனா பாதியில் நின்றது. மீதிப் புட்டிகளில் யோகேஸ்வரியே எழுதினாள்.

மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். வந்ததும் உட்காராமல் நடந்ததைச் சொன்னார்.

விசாரணையில் தான் சொன்னது பொய் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு காப்பாரில் இருக்கும் குணாளன் வீட்டுக்குப் போயிருக்கிறார். குணாளன் கோழிக்கூட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். வெயிலில் நின்றபடியே கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் பார்க்கலை, பார்த்ததா சொன்னேன் என்று தன் வாயாலும் சொல்லியிருக்கிறார். குணாளன் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேட்கலை மாஸ்டர். ரெண்டு வருஷமாச்சு. இன்னும் அதே காரம்."

யோகேஸ்வரி புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"ரெண்டு வருஷம் எங்கண்ணே ஆச்சு? நேத்துதானே கலந்தீங்க."