ததேயுவின் முடிச்சு

கடலோரத்து ஊர் ஒன்றில் டெல்பின் டீச்சர் என்று ஒருவர் ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்து வந்தார். ரேந்தை என்பது லேஸ்தான். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. குரு என்று யாராவது அவரைக் கூப்பிட்டிருந்தால், பின்னுகிற கையை நிறுத்தாமலே சிரித்திருப்பார். ஆனாலும் கேள்வியோடு அவரிடம் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ததேயு.

ததேயு வலை கட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர். வலை கிழிந்தாலும் அவர் போட்ட முடிச்சு அவிழாது என்று ஊரில் சொல்வார்கள். அவர் சொன்ன சொல்லும் அப்படித்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

மகள் செலின் வீட்டாரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட அன்று, ததேயு முற்றத்தில் நின்று, மனைவிக்கும் மகனுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த வீட்டுல ஒருத்தரும் அவகிட்ட பேசக் கூடாது. அவ இங்கன கால் வைக்கக் கூடாது."

யாரும் பேசவில்லை. செலினும் வரவில்லை. பிறகு ஒரு மாதா கோயில் திருவிழாவில் அவள் கைக்குழந்தையோடு கூட்டத்தில் நின்றாள். பெற்ற தாய் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாதா சுரூபத்தையே பார்த்தபடி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. ததேயு அதைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

இப்போது நெஞ்சு வலியும் சேர்ந்துகொண்டது. நெஞ்சைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. பிழைத்தால் பிழைப்பது. இல்லையென்றால், மகளோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர வேண்டியதுதான். அதை நினைத்துத்தான் அவர் புரண்டு புரண்டு படுத்தார். ஆனால் நினைத்ததை வெளியே சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வலையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வேலையில்லாமல் தெருவில் நடந்தவர், ஒருநாள் லேஸ் அறையின் வாசலில் நின்றார். உள்ளே பெண்கள் மடியில் உருண்டைத் தலையணை வைத்துக்கொண்டு, அதில் குத்திய ஊசிகளைச் சுற்றி நூல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூல்களின் நுனியில் விரல் நீள மர பாபின்கள் தொங்கின. யாரும் பேசவில்லை. ததேயுவுக்கு அந்த அமைதி பிடித்துவிட்டது.

"டீச்சர், எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. மனசு ஒரு எடத்துல நிக்க என்ன செய்யணும்?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அவருக்கும் தெரியும்.

"நூல் சுத்துங்க மாமா."

"மனசைக் கேட்டா நூலைச் சொல்லுதீங்க."

"முதல்ல நூலைப் பாப்போம்."

ஒரே நூலின் இரண்டு முனைகளையும் இரண்டு பாபின்களில் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் விரலில் ஒரு சுருக்கு எடுத்து, பாபினின் தலையில் மாட்டி இழுத்துவிட வேண்டும். தொங்கும்போது சுருக்கு நூலைப் பிடித்துக்கொள்ளும். பின்னப் பின்ன நூல் குறையும். அப்போது பாபினைப் படுக்கையாகப் பிடித்து மெல்ல உருட்டினால், வேண்டிய அளவு நூல் இறங்கும். டீச்சர் ஒருமுறை செய்து காட்டினார்.

ததேயு அந்தச் சுருக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு முடிச்சா டீச்சர்? சின்னப் பிள்ள உருட்டுனாலும் வந்துரும்."

"வரணும்லா மாமா."

"கடல்ல இப்படிக் கெட்டுனா மீனும் வராது, வலையும் வராது."

"இது கடல் இல்லியே" என்றார் டீச்சர்.

ததேயு தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நூலை ஒழுங்காகத்தான் சுற்றினார். கடைசிச் சுருக்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் தன்னுடைய வலை முடிச்சையே சின்னதாகப் போட்டார். டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பின்னலுக்குத் திரும்பினார்.

முதலில் பெண்களுக்குச் சந்தோஷம்தான். தலையணையை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் நூல் கலையவில்லை. பாபின் கீழே விழுந்தாலும் ஒரு சுற்றுகூடப் பிரியவில்லை. "மாமா கெட்டுனா கெட்டுனதுதான்" என்று பிலோமி என்கிற பெண் சொன்னாள். ததேயு மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு நூல் குறைந்தது. பாபின்கள் மேலே ஏறி ஊசிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. உருட்டிப் பார்த்தார்கள். இறங்கவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தார்கள். முடிச்சு இன்னும் இறுகியது.

"மாமா, இதைக் கொஞ்சம் அவுத்துத் தாங்க."

ததேயு போனார். கட்டை விரல் நகத்தை எங்கேயோ வைத்து அழுத்தினார். முடிச்சு விட்டுக்கொடுத்தது. வேண்டிய நூலை இறக்கி, மறுபடியும் அதே முடிச்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் இன்னொருத்தி கூப்பிட்டாள்.

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க. ததேயு கெட்டுனா ததேயுதான் அவுக்கணும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

டீச்சர் எழுந்து வந்து, அவருடைய நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து அறையின் நடுவில் போட்டார்.

"இங்கன இருந்தா எல்லாருக்கும் பக்கம்."

அதன் பிறகு ததேயுவுக்கு உட்கார நேரமில்லை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. தேநீர் ஆறி ஏடு படிந்தது. இடையில் மூச்சு வாங்கும்போது கேட்பார்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே."

"சொல்லுதேன் மாமா. அங்க பிலோமி கூப்பிடுதா, பாருங்க."

இப்படியே போனது. ஒருநாள் பரிசோதனைக்கு என்று ததேயுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் வந்துவிடலாம் என்று நினைத்தார். அங்கே ஒன்று முடிந்தால் இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். படுக்க வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் லேஸ் அறைக்குள் நுழைந்தவர் திகைத்துப் போனார். தலையணைகள் எல்லாம் துணி போட்டு மூடியிருந்தன. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பிலோமியின் கண் வீங்கியிருந்தது.

"என்னாச்சு?"

பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கல்யாண முக்காடு மாமா. வாற திங்கக்கிழம அதப் பின்னச் சொன்ன பிள்ளைக்குக் கல்யாணம். தொங்குன நூல் தீந்துபோச்சு. ஒங்க முடிச்சு அவுறல. நான் பொறுமை இல்லாம இழுத்தேன். அறுந்துபோச்சு. அறுந்த எடத்துலருந்து பூ முழுசும் கலைஞ்சுபோச்சு. நான் ராவும் பகலும் பின்னுன பூ."

அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள். ததேயு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"முடிச்சை வெட்டியிருக்கலாமே டீச்சர். வெட்டிட்டுப் புது நூலைச் சேத்துருக்கலாமே. என் முடிச்சுக்கு என்ன மரியாதை வேண்டிக்கெடக்கு?"

"நாங்க வெட்டல மாமா. நீங்க வாரீங்களா பாப்போம்னு இருந்தோம்."

ததேயு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலையணையாக மடியில் வாங்கி, முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் அவிழ்த்துக் கொடுத்த பாபினை டீச்சர் வாங்கி, தன் சுருக்கை மாட்டி, உரியவளிடம் கொடுத்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வேலைக்குத் திரும்பினார்கள். பிலோமி கலைந்த பூவைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ததேயு எழவில்லை. இடையில் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த முடிச்சை எடுத்தார்.

சாயங்காலம் மகன் கிளிட்டஸ் ஆட்டோவோடு வந்தான். மறுநாள் ஆபரேஷன். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவன் நல்ல பிள்ளை. அப்பா மேல் உயிர். கையில் அப்பாவுக்குக் கம்பளியும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் வைத்திருந்தான்.

"கொஞ்சம் இருல. இன்னும் நாலஞ்சு முடிச்சுதான்."

கிளிட்டஸ் நின்றான். டீச்சர் அவனிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"நாளைக்கு ஆபரேஷன்னு செலினுக்குச் சொல்லியாச்சா தம்பி?"

அந்தப் பெயரை அப்பாவின் முன்னால் யாரும் சொல்லி கிளிட்டஸ் கேட்டதில்லை. அவன் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தான். ததேயு குனிந்தே இருந்தார். நகம் மட்டும் முடிச்சின் மேல் அசையாமல் நின்றது.

"இல்ல டீச்சர். அப்பா பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்லா."

"இப்பமுமா?"

"எப்பமும்தான். அம்மா நேத்து ராத்திரி கேட்டா, அவளுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லட்டுமாடான்னு. நான்தான் விடல." சொல்லிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்தான். "அப்பா, நீங்க அதை நெனச்சு விசனப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே ஏதாவது ஆனாலும், நீங்க சொன்ன சொல்லு எங்க காலம் முழுக்க நிக்கும். அவ உங்க முகத்தப் பாக்கக்கூட நான் வாசல்ல விடமாட்டேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அப்பா மனம் குளிரும் என்று நம்பித்தான் சொன்னான்.

ததேயுவின் கையிலிருந்து பாபின் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. ததேயுவுக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷனை நினைத்தபோதுகூட அப்படி ஒரு பயம் வந்ததில்லை. தான் இல்லாத வீடும், மூடிய வாசலும், வெளியே குழந்தையோடு செலினும், உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு அவள் அம்மாவும் அவர் கண் முன்னால் நின்றார்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. எல்லோரும் அவர் சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"டீச்சர்" என்றார். "நான் இதை ரொம்ப இறுக்கிக் கெட்டிப்போட்டேன். பிள்ளையளுக்கு அவுக்கத் தெரியாது. இனி என்ன செய்யதுக்கு?"

டீச்சர் குனிந்து, தரையில் கிடந்த பாபினை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கெட்டுன ஆளு உயிரோடதானே இருக்கீங்க மாமா" என்றார்.