வளையும் சங்கிலிகளின் வரிசை

குருவைவிடச் சீடருக்கு எட்டு வயது அதிகம். ஆராய்ச்சிக் கூடங்களில் இது நடக்கிற கதைதான். சீடர் வேதரத்தினம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் எடுப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர். சனி, ஞாயிறு ஆனால் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுவார். முனைவர் பட்டத்துக்காக ஏழு வருஷமாக இந்தப் பாடு. அவருக்கு வழிகாட்டி பேராசிரியை எஸ்தர் கிருபா. அவர் எஸ்தரை மேடம் என்பார், எஸ்தர் அவரை சார் என்பார்.

முதல் வருஷமே வேதரத்தினம் ஒரு கேள்வி கேட்டார். குச்சி மாதிரி விறைப்பான மூலக்கூறுகள் வரிசையாக இருப்பது சரி, தீப்பெட்டியில் தீக்குச்சிகள் இல்லையா. ஆனால் இந்த சிலிக்கான் பாலிமர் சங்கிலி இடியாப்பம் மாதிரி, எங்கே தொட்டாலும் வளைகிறது. விறைப்பான துண்டு ஒன்றுகூட இதில் கிடையாது. இது எப்படி வரிசையில் நிற்கும்?

"நிக்குதுன்னு சொல்றாங்க. எதனாலன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் எஸ்தர்.

பார்த்தார். ஏழு வருஷம் பார்த்தார். பசை மாதிரி இருக்கும் அந்தப் பொருளை நன்றாகக் குளிரவைத்தால் படிகமாக உறைகிறது. சூடாக்கினால் வெறும் எண்ணெய்போல ஓடுகிறது. நடுவே, அறையின் சூட்டில், இரண்டுங்கெட்டான் நிலை ஒன்று இருக்கிறது. சங்கிலிகள் அடுத்தடுத்து ஒழுங்காக நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் நெளிந்துகொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டு வடிகட்டிக் கண்ணாடிகளுக்கு இடையே வைத்துப் பார்த்தால், ஒழுங்கு இருக்கிற இடம் மட்டும் ஒளிரும். எவ்வளவு நீளமான சங்கிலி, எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரத்தில் அப்படி நிற்கும் என்று முந்நூறு மாதிரிகளில் அளந்து எழுதினார். வாழ்நாளில் அவராகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

கட்டுரை தயாரானது. அதில் முதல் பெயர் அவருடையதாக இருந்தால்தான் பட்டம். ஜூனுக்குள் பட்டம் வந்தால்தான் கல்லூரியில் வேலை நிலைக்கும்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை வெளியே போகுமுன் துறை ஆசிரியர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் வைத்துக் கூட்டம் போடுவார்கள். பெயர் வரிசையில் ஆட்சேபணை இல்லை என்று டைப் அடித்த தாள் துறைத்தலைவர் மேஜையிலிருந்து புறப்பட்டு, நாற்காலி நாற்காலியாகக் கைமாறி வரும். தாளோடு பேனாவும் வரும். யாருடைய உழைப்போ அவருக்குக் கடைசி நாற்காலி. வடையும் டீயும் கொடுத்த பிறகுதான் தாளை அனுப்புவார்கள். வாயில் வடை இருக்கும்போது யார் பேசுவது?

அந்தப் புதன்கிழமை வேதரத்தினம் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தாள் அவர் கைக்கு வந்தது. முதல் பெயர் துறைத்தலைவருடைய மருமகனுடையது. அந்த மனிதர் ஒரு குப்பியைக்கூடக் கழுவியதில்லை. வேதரத்தினத்தின் பெயர் நான்காவதாக இருந்தது.

கீழே ஆறு கையெழுத்துகள். ஆறு பேரும் நுண்ணோக்கியில் அந்த ஒளியைப் பார்த்துவிட்டு அவருக்குக் கைகொடுத்தவர்கள். கடைசிக் கையெழுத்து எஸ்தருடையது, மை இன்னும் காயவில்லை. வேதரத்தினம் தலை நிமிர்ந்தார். எல்லோரும் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா கையில் இருந்தது. அவரும் போட்டார்.

கூட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்தார். நேரே எஸ்தரின் ஆய்வகத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"நீங்க ஏன் மேடம் போட்டீங்க? உங்க கையிலேருந்துதானே அந்தத் தாள் என் கைக்கு வந்துச்சு."

எஸ்தர் அலமாரியிலிருந்து வேதரத்தினத்தின் மாதிரி ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பார்க்கச் சொன்னார். வேதரத்தினம் கோபத்தோடேயே குனிந்து பார்த்தார். அதே ஒளி. எஸ்தர் அடியில் இருந்த சூடேற்றியைப் போட்டார். ஐம்பது டிகிரியைத் தாண்டியதும் ஒளி திட்டுத் திட்டாக அணைந்து, முழுக்க இருட்டானது.

"கலைஞ்சிடுச்சா?"

"கலைஞ்சிடுச்சு."

எஸ்தர் சூடேற்றியை நிறுத்தினார். இருவரும் காத்திருந்தார்கள். வெகு நேரம் கழித்து ஒரு மூலையில் ஒளி வந்தது, பிறகு பக்கத்தில், பிறகு அதற்கும் பக்கத்தில்.

"இப்போ?"

"ஆறிடுச்சு. மறுபடி நிக்குது."

"விறைப்பா ஏதாவது இருக்கா உள்ளே?"

"இல்ல."

"அப்போ எது நிக்க வைக்குது?"

ஏழு வருஷத்து விடை அது. முந்நூறு மாதிரிகளும் அதைத்தான் சொல்லியிருந்தன.

"பக்கத்துல நிக்கிறது" என்றார் வேதரத்தினம். சொன்னதும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது பசை மேடம். நாம மனுஷங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்."

எஸ்தர் கண்ணாடித் துண்டை எடுத்துத் துடைத்தார்.

"இன்பவள்ளிய ஞாபகம் இருக்கா சார்?"

இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே துறையில் ஆராய்ச்சி செய்த பெண். அவளுடைய கட்டுரையும் வேறொருவர் பெயரோடுதான் வெளியே போனது. பாதியில் விட்டுவிட்டுப் போனவள், இப்போது தண்ணீர் கேன் கம்பெனியில் உப்பு அளவு பார்க்கிறாள். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டு, வேதரத்தினம் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு அவ கடைசி நாற்காலி. நான் அஞ்சாவது. நாலாவதுல யாரு?"

வேதரத்தினம் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"உங்க கையிலேருந்துதான் சார் அந்தத் தாள் என் கைக்கு வந்துச்சு."