கண்ணாடிப் பெட்டிக்குள் போன அம்மன்

கதிர்க்குன்றம் ஜமீனை ஆண்டவர் சிங்கம நாயக்கர். குதிரை, வேட்டை, கோழி வறுவல் இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் அவர் மனசு நிலைத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷர் ஒரு தடவை பட்டணம் போனார். அங்கே மியூசியத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஆறே மாதத்தில் அரண்மனை லாயத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்சிசாலை எழும்பியது. ஜமீனில் பழசாக எதைக் கண்டாலும் தூக்கி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மருத்துவச்சி ராக்காயியின் மருந்துக் குழவிகூடத் தப்பவில்லை. பாவம், அவள் தினமும் வந்து தன் குழவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். திவான் வரதப்பன் அவளையும் பார்வையாளர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

‘உள்ளே வந்த பொருள் மறுபடி வாசல் தாண்டாது’ என்பது ராஜாவின் உத்தரவு. அதைப் பித்தளைத் தகட்டில் வெட்டி வாசலிலேயே அடித்திருந்தார்கள்.

ராஜாவிடம் நல்ல பெயர் வாங்க நினைத்த திவான், ஆவிடைப்பட்டி மாரியம்மனின் ஐம்பொன் சிலையை ஒருநாள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். திருவிழாவுக்கு எழுந்தருளும் சிலை அது. பங்குனி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. பூசாரி கொண்டையா, அரண்மனைப் புலவர் சொக்கையாப் பிள்ளையிடம் ஓடி வந்தார்.

“சாமி, அம்மன் இல்லாம காப்புக் கட்ட முடியாது. காப்புக் கட்டலேன்னா திருவிழா இல்ல. கோடையில பிள்ளைகளுக்கு அம்மை போட்டா நாங்க யார்கிட்டப் போயி நிப்போம்?” என்று அழுதார்.

பிள்ளை நேரே ராஜாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். முந்திக்கொண்டு பதில் சொன்னவர் திவான்.

“அம்மனுக்கு இங்கே என்ன குறை? தேக்குப் பீடம், சீமைக் கண்ணாடி, வாசலில் காவல்! ஆவிடைப்பட்டிக் கோயிலில் கூரை ஒழுகுகிறது.”

“அதுதானே! திருவிழாவை இங்கேயே நடத்திக்கொள்ளட்டும். நானா தடுக்கிறேன்?” என்றார் ராஜா.

“முறைப்படி எல்லாமே செய்யலாமா, மகாராஜா?” என்று கேட்டார் பிள்ளை.

“எல்லாமே. ஒன்றுகூடக் குறையக் கூடாது!”

“முதல் காப்பு யாருக்குக் கட்டுவது?”

ராஜா மீசையைத் தடவினார். “இது என்ன கேள்வி? எனக்குத்தான்!”

பிள்ளை ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். கொண்டையாவுக்குத் தலையில் இடி விழுந்தது.

“என்ன சாமி, கேட்டு வாங்கப் போனீக. குடுத்துட்டுல்ல வந்திருக்கீக!”

“போய் மஞ்சள் கயிறு திரியுங்க பூசாரி. கயிறு நல்லா கெட்டியா இருக்கட்டும்.”

பங்குனி முதல் செவ்வாய் வந்தது. காட்சிசாலையில் கொட்டும் குலவையும் கூரையைப் பிளந்தன. முதலில் அம்மன் கையில் காப்பு ஏறியது. அடுத்தது ஊர் ஜனம் பார்க்க ராஜாவின் மணிக்கட்டில். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் இலையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சோறு, தயிர், வேகவைத்த பருப்பு.

“கோழி எங்கே?”

சமையல்காரர் இரண்டடி பின்வாங்கினார். “காப்புக் கட்டினவங்க கவுச்சி தொடக் கூடாதுங்களாம் மகாராஜா. தாளிக்கக்கூடக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு.”

கட்டிலும் போய் தரையில் பாய் வந்தது. சவரம் நின்றது. நாலாம் நாள் ஊட்டியிலிருந்து கடிதம் வந்தது, கவர்னர் துரையோடு வேட்டைக்கு வரச்சொல்லி. காப்புக் கட்டியவர் ஜமீன் எல்லையைத் தாண்டக் கூடாது என்று அப்போதுதான் யாரோ சொன்னார்கள். ராஜா ‘கூப்பிடு பிள்ளையை’ என்று கத்தினார்.

“ஓய், இந்தக் கயிறு இன்னும் எத்தனை நாளைக்கு?”

“இன்னும் நாலே நாள், மகாராஜா. எட்டாம் நாள் ஆவிடைப்பட்டி ஊருணியில் அம்மன் மஞ்சள் நீராடுவாள். அங்கே முதலில் அவள் காப்பை அவிழ்ப்பார்கள். அப்புறம் தங்கள் காப்பு.”

“அப்பாடா!”

“ஆனால் அம்மன் வாசல் தாண்டக் கூடாதே. பித்தளைத் தகட்டில் வெட்டியிருக்கிறது.”

“தாண்டாவிட்டால்?”

“நீராட்டு கிடையாது. நீராட்டு இல்லாமல் அவிழ்ப்பும் கிடையாது. ஆயுசுக்கும் தயிர்சோறுதான், மகாராஜா.”

“வரதப்பா! இந்தக் கயிற்றை அறு!”

மாரியம்மன் பேரில் கட்டிய கயிறு. திவானுக்கு வீட்டில் நாலு குழந்தைகள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “கையில் சுளுக்கு, மகாராஜா” என்றார்.

தகட்டை அன்றைக்கே பெயர்த்தார்கள். எட்டாம் நாள் அம்மன் பல்லக்கில் புறப்பட்டாள். பின்னாலேயே ராஜா எட்டு நாள் தாடியோடும் வெறுங்காலோடும் ஆவிடைப்பட்டிவரை நடந்தார். ஊருணிக்கரையில் மஞ்சள் தண்ணீர் தெறித்தது, காப்பு அவிழ்ந்தது. கை லேசானதும் ராஜாவுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

“சரி, பல்லக்கைக் காட்சிசாலைக்குத் திருப்புங்கள்!”

கொண்டையாவின் கண் கலங்கிவிட்டது. பிள்ளை மட்டும் பணிவாகக் குனிந்தார்.

“உத்தரவு, மகாராஜா. அடுத்த பங்குனிக்கும் முதல் காப்பு தங்களுக்குத்தான் என்று இப்போதே ஊரில் சொல்லிவிடுகிறேன்.”

ராஜாவின் வலதுகை தானாகவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“வேண்டாம்... அம்மன் இங்கேயே இருக்கட்டும்.”

ஊரே குலவையிட்டது. ஆனாலும் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. பிள்ளையைத் தனியே அழைத்தார்.

“நாளை மறுநாள் கலெக்டர் துரை காட்சிசாலையைப் பார்க்க வருகிறார். நடு அறையில் அவ்வளவு பெரிய கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கும். கேட்டால் என்ன சொல்வேன்? மானம் போகாமல் ஒரு வழி சொல்லும், இந்தச் சால்வை உமக்கு.”

“கிளம்பும்போதே பெட்டியின்மேல் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் வந்தேன், மகாராஜா.”

“என்ன எழுதினீர்?”

“‘இந்தப் பொருள் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.’”

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் ஊருணிக்கரை அதிரச் சிரித்துக்கொண்டே சால்வையை உருவி அவர் தோளில் போட்டார்.