ரப்பர் பேண்ட் நீண்ட இடம்

"நேர்காணல்ல மூணு பேரும் மாத்தி மாத்தி 'பார்டன்? பார்டன்?'னு கேட்டாங்க. என் தலைப்பையே எனக்குச் சொல்லத் தெரியலையாம்!"

மொழி ஆய்வகத்துக்குள் வந்ததும் வராததுமாக வெடித்தாள் முத்தெழிலி.

வியாழக்கிழமை அவளுக்கு மறு நேர்காணல். அன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டால் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடையாது.

உச்சரிப்புப் பயிற்சி தரும் பெனாசிர் அவளைவிட இரண்டு வயது இளையவள்.

"தலைப்பைச் சொல்லுங்கக்கா."

"ரூரல் டிவெலப்மென்ட்."

ஒவ்வொரு அசையும் ஆணி அடித்த மாதிரி ஒரே கனத்தில் விழுந்தது.

பெனாசிர் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து அவளுடைய இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டினாள்.

"டிவெலப்மென்ட். 'வெ'லதான் அழுத்தம். அது வரும்போது மட்டும் இழுங்க. மத்த இடத்துல தளர விடுங்க."

"ஏன்? மத்த அசையெல்லாம் என்ன பாவம் செஞ்சது? ஒண்ணைத் தூக்கி வைக்கணும்னா மூணை அமுக்கணுமா? நம்ம மொழியில இந்த அநியாயம் உண்டா?"

மணி ஒன்று. பெனாசிர் தன் டிபன் பாக்ஸை எடுத்து மேசையில் வைத்தாள்.

முத்தெழிலி விடுவதாக இல்லை. வெள்ளைக்காரன், தேர்வுக் குழு, பாடத்திட்டம், நூலகத்து மின்விசிறி என்று ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கினாள். எல்லாம் ஒரே சத்தத்தில். விரல்களில் ரப்பர் பேண்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"சரிக்கா."

"என்ன சரி? எதுக்கெடுத்தாலும் சரின்னா என்ன அர்த்தம்? விடுதியிலயும் இப்படித்தான். நான் வாயைத் திறந்தா 'சரி சரி'ன்னு தட்டைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. ஒன்பது மாசமா யா...ருமே என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டதில்ல."

சட்டென்று நிறுத்தினாள்.

"கையைப் பாருங்கக்கா."

ரப்பர் பேண்ட் அறுந்துவிடும்போல விறைத்து நின்றது.

"அரை மணி நேரமாப் பேசுறீங்க. இந்த 'யாருமே' ஒண்ணுதான் எனக்குக் கேட்டுச்சு."

முத்தெழிலி விறைத்த ரப்பர் பேண்டையே பார்த்தாள்.

கைகள் மெல்லத் தளர்ந்தன. பிறகு, யாரிடமோ தயங்கிச் சொல்வதுபோல, தலைப்பைச் சொன்னாள். ரப்பர் பேண்ட் ஒரே ஒரு இடத்தில் நீண்டு, சுருங்கியது.

பெனாசிர் 'பார்டன்?' என்று கேட்கவில்லை.

டிபன் பாக்ஸின் மூடியை மல்லாத்தி, பாதித் தக்காளிச் சாதத்தை அதில் வைத்து, மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.